வெள்ளியில் ஒரு வீடு

"மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்காதே. சிரி. நாலு வார்த்தை நல்லதா பேசு. இந்த சம்பந்தம் உன்னால கெட்டுச்சுன்னு வெய்யி, நாளையிலருந்து நீ ரயில் ஏற மாட்டே," என்று மருமகளின் காதோரம் சொன்னாள் மங்கம்மா. அடுத்த நொடியே வாசல் பக்கம் திரும்பி, "வாங்க, வாங்க! வழி சுளுவா தெரிஞ்சுதா?" என்று தேனாக ஒழுகினாள். இந்த வித்தையை நளினி கல்யாணமான நாளாகப் பார்த்து வருகிறாள்.

ரயில் ஏற மாட்டாய் என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். மாரிகுப்பத்திலிருந்து தினமும் பெங்களூர் போய், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிக் கணக்குப் போட்டுவிட்டு வருகிறவள் அவள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மாமியாருக்கு அதுவும் கண்ணை உறுத்தியது. "இங்க பால் பொங்கறது தெரியல, எங்கியோ கீற உலகத்துக்கு கணக்கு போடப் போறா மகாராணி," என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள்.

வந்திருப்பது நளினியின் கொழுந்தன் ரூபேஷுக்குப் பேசியிருக்கும் பெண் வீட்டார். பங்காரப்பேட்டையிலிருந்து அப்பா தாமோதரன் வந்திருந்தார். நானும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பெண் பவ்யாவும் வந்திருந்தாள். நளினியின் புருஷன் விநாயக் அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். வெளி ஆள் எதிரில் அவனைப் போலத் தங்கமான பிள்ளை உலகத்திலேயே கிடையாது. ரூபேஷ் அவன் பக்கத்தில் பணிவாக உட்கார்ந்திருந்தான்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்," என்று சிரித்தார் தாமோதரன். "மூத்த மருமகள பாத்தா போதுமே, வீடு இன்னான்னு தெரிஞ்சிரும்."

பதம் பார்க்க எடுத்த சோறு விரலில் நசுங்கிப் போவதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? நளினி சொன்னபடி சிரித்து வைத்தாள்.

"எங்க நளினி விஞ்ஞானிங்க!" என்றாள் மங்கம்மா. "சொல்லும்மா, உன் வேலைய பத்தி."

பவ்யா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அவ்ளோ தூரத்துல கீறத எப்படிக்கா தெரிஞ்சிக்கிறீங்க? சும்மா கெஸ்ஸா?"

நளினிக்குப் போன தீபாவளி ஞாபகம் வந்தது. தன் அப்பாவை மூச்சுத் திணறலோடு கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வந்த போனை எடுத்தவள் மங்கம்மா. நளினி அதிரசம் சுட்டு முடியும்வரை மங்கம்மா வாயைத் திறக்கவில்லை. விநாயக்குக்கும் தெரியும். ரூபேஷுக்கும் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்து நளினி சுடச் சுட எடுத்துப் போட்டதைத் தின்றான். நளினி போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. அந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒரே சூரியனைச் சுற்றும் இரண்டு கோள்களில் ஒன்று வெந்து வெள்ளியானது, ஒன்று பூமியானது என்று படித்தவள் அல்லவா? ரூபேஷ் அண்ணனைப் போல இல்லாமல் வேறு மாதிரி ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஆனால் அந்தச் சோதனை இந்தப் பெண்ணின் தலையில் விடியக்கூடாது.

"அங்க போக முடியாதும்மா. படம் கூட தெளிவா கிடைக்காது. எவ்ளோ பெருசு, எவ்ளோ எடைன்னு கண்டுபிடிக்கலாம், அவ்ளோதான். அதனால பக்கத்துல கீறத நல்லா படிக்கிறோம். வெள்ளி கிரகத்த எடுத்துக்க. கிட்டத்தட்ட பூமி அளவு. தூரத்துலருந்து அளந்தா ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க. மேல வெள்ளை மேகம், அப்படி ஒரு பளபளப்பு. உள்ள காடும் கடலுமா இருக்கும்னு முன்னாடி படிச்சவங்களே நம்புனாங்க. வெளுத்ததெல்லாம் பாலுன்னு."

"ஆஹா," என்றாள் மங்கம்மா பெருமையாக.

"அப்பறம் மிஷின இறக்கிப் பாத்தாங்க. மேகம் பூரா ஆசிட். கீழ ஈயம் உருகுற சூடு. உள்ள வந்த சூட்ட அது வெளிய விடாது. இறக்குன மிஷின் எதுவும் ரொம்ப நேரம் தாங்கல. ஆனா தாங்குன வரைக்கும் உள்ள இருக்கறத சொல்லிட்டுதான் செத்துச்சு. அது சொன்னதனாலதான், தூரத்துல ஒண்ணு பூமி அளவுல கீதுன்னா உடனே அங்க குடித்தனம் பண்ணலாம்னு நாங்க சொல்றதில்ல."

விநாயக்கின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. மங்கம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. ஏதோ பெரிய படிப்பு என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பவ்யா நளினியின் முகத்தையே பார்த்தாள். "அங்க தண்ணி இருந்துச்சாக்கா?"

"இருந்திருக்கலாம்னு ஒரு கணக்கு கீது. சூடு ஏற ஏற வத்திப் போயிருக்கும்."

"நீங்க எவ்ளோ வருஷமாக்கா அங்க கீறீங்க?"

நளினிக்குக் கண் நிறைந்துவிட்டது. தாமோதரன் பலகாரத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். மங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடுப்புல எண்ணெ காயுது. எழுந்து உள்ள போடி!"

அந்தக் குரலைத் தாமோதரனும் பவ்யாவும் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். நளினி எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து புகை வந்து, கூடத்தில் எல்லோரும் இரும ஆரம்பித்தார்கள்.