சொல்லக்கூடாத வளைவு

"இன்னைக்கு உன் வாய் தேநீரை ஊதுறதுக்குக்கூடத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சைராகுல் மருமகளின் தலைத்துணியை ஓர் இழுப்பு இழுத்து இறுக்கிக் கட்டினாள். "கிண்ணத்துல பாதிக்கு மேல ஊத்தாத. பெரியவங்களுக்கு முதுகு காட்டாத."

உம்சுனாய் பதில் பேசாமல் சமோவர் என்ற தேநீர்க் கொதிகலனுக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பதில் பேசாததுதான் மாமியாருக்குச் சந்தேகமாக இருந்தது. ஏழு வருஷமாக ஒரே அடுப்படியில் நிற்கிறார்கள். மருமகளின் மௌனத்தில் எத்தனை தினுசு உண்டு என்று சைராகுலுக்கு அத்துப்படி.

கோக்-தாலா கிராமத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிற நெடுஞ்சாலையை நாலு வழிச் சாலையாக்கப் போகிறார்கள். நடுவே நெஞ்சுயரத்துக்குத் தடுப்பு வரும். குறுக்கே கடக்க ஊருக்கு ஒரே ஓர் இடம்தான். அது எங்கே வேண்டும் என்று ஊர் மக்களைக் கேட்டு எழுத வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

வசந்த காலத்தில் ஒரு முறை கேட்டும் ஆயிற்று. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு மசூதி வாசலில் கேட்டார்கள். அங்கே நின்ற ஊர் மக்கள் அத்தனை பேர் தலையிலும் ஆண்கள் போடும் கல்பாக் தொப்பி இருந்தது. கடக்கும் இடம் தேநீர்க்கடைக்கு எதிரே வேண்டும் என்றார்கள். மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்வர ஒரு சுரங்கப்பாதையும் கேட்டார்கள். அதுவும் கிடைத்தது. மாடுகளுக்காகப் பேச நாற்பது பேர் இருந்தார்கள். அறிக்கையைப் படித்த தலைநகரத்து மேலதிகாரி, அந்த ஊரில் பெண்களே கிடையாதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கிராமத் தலைவர் தோரன்பெக் மூளைக்காரர். பெண்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவானேன், விருந்து வைத்தால் பரிமாற வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டார். ஆகவே இரண்டாவது கூட்டம் சைராகுலின் கணவர் காசிமாலி வீட்டில், ஆட்டிறைச்சியோடு. அவருடைய பங்காளி வீடுகளிலிருந்து மருமகள்கள் உதவிக்கு வந்தார்கள், உம்சுனாயோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். அடுப்படியிலேயே காகிதத்தை நீட்டி, போர்சோக் பொரிக்கப் பிசைந்த மாவு ஒட்டிய கைகளாலேயே கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. பெண்கள் பங்கேற்பு: பன்னிரண்டு.

உம்சுனாய்க்கு ஒரே ஒரு கவலைதான். அவள் மகள் ஆல்தினாய் செப்டம்பரில் முதல் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம், வயல்களைத் தாண்டி உள்ளே. அதற்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒரு வளைவிலிருந்து பிரிகிறது. போன குளிர்காலத்தில் அதே வளைவில்தான் பங்காளி வீட்டு மருமகள் பெர்மெத்தின் மகள் காலில் லாரி ஏறியது. தேநீர்க்கடை அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அவ்வளவு தூரம் சுற்றிப் போகாமல் குழந்தை தடுப்பில் ஏறிக் குதிக்கும். உம்சுனாய்க்கு அதில் சந்தேகமே இல்லை. மகள் அவளைக் கொண்டு பிறந்தவள்.

அந்த வளைவுக்குப் பெயர் காசிமாலி வளைவு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கூட்டுப்பண்ணையின் புது டிராக்டரை இளங்காளையான காசிமாலி அங்கேதான் குப்புறக் கவிழ்த்தார். பெருமைப்பட ஒன்றுமில்லை என்றாலும் ஊர் வளைவுக்கு அவர் பெயர் நின்றுவிட்டது. சிக்கல் அதில்தான் இருந்தது. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஒரு நாளும் கூடாது. அவருக்குச் சொந்த மருமகளானாலும் பங்காளி வீட்டு மருமகளானாலும் பன்னிரண்டு பேருக்கும் அவர் பெயர் இல்லாத மனிதர். அவரவர் வசதிக்கு ஆளுக்கொரு பட்டம் வைத்துச் சமாளித்துவந்தார்கள்.

சாலைத் திட்டத்தின் சார்பில் கூட்டத்தை நடத்த வந்த எர்மெக், தலைநகரமான பிஷ்கெக்கில் பிறந்து ரஷ்ய மொழியில் படித்து வளர்ந்தவன்; ஊர் வழக்கம் தெரியாதவன். சாலை வரைபடத்தைச் சுவரில் மாட்டினான். மாட்டிய இடம் வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் உட்காரும் மேலிடத்தில், காசிமாலியின் தலைக்கு மேலே. மருமகள்கள் கிட்டப் போகவே கூடாத இடம் அது. ஆண்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அதில் ஒரு மணி நேரம் மாட்டுச் சுரங்கத்தின் அகலத்தைப் பற்றி.

கடைசியில் எர்மெக் படிவத்தைப் பார்த்தான். பெண்களின் கருத்து என்ற கட்டம் காலியாக இருந்தது. கதவோரம் சமோவர் பக்கம் திரும்பி, "அக்காமாரே, நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டான்.

சைராகுல் கண்ணாலேயே மருமகளின் வாயைத் தைத்துப் பார்த்தாள். தையல் நிற்கவில்லை.

"ஸ்கூல் பாதை பிரியுற வளைவுல கடக்குற இடம் வேணும்" என்றாள் உம்சுனாய்.

எர்மெக் வரைபடத்தைப் பார்த்தான். ஒற்றையடிப் பாதை எதுவும் அதில் இல்லை. வளைவுகள் மட்டும் ஐந்து இருந்தன. எத்தனையாவது கிலோமீட்டர் கல் என்று கேட்டான். கற்களையெல்லாம் கன்றுக்குட்டி கட்டப் பிடுங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. வளைவுக்குப் பெயர் இருக்குமே என்றான்.

"உயரமானவர் வளைவு" என்றாள் உம்சுனாய்.

பெர்மெத்துக்கும் தைரியம் வந்தது. மீசைக்காரர் வளைவுதான் வேண்டும் என்றாள் அவள். பின்னாலிருந்து இன்னொருத்தி பெரிய வீட்டுக்காரர் வளைவு என்றாள். எர்மெக் ஒழுங்காக மூன்றையும் எழுதிக்கொண்டான். தொப்பிக்காரர்கள் எல்லோருக்கும் எந்த வளைவு என்று தெரியும். எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு வரவில்லை, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காசிமாலியும் வாய் திறக்கவில்லை. தினமும் காய் நகர்த்தி விளையாட அவர் போவது தேநீர்க்கடைக்குத்தான்.

"மூணு பேரு மூணு இடம் கேக்குறீங்களே. பெண்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லைன்னு எழுதிக்கவா?" என்று எர்மெக் வருத்தத்தோடு பேனாவைக் காகிதத்தில் வைத்தான்.

உம்சுனாய் அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"காசிமாலி வளைவு" என்றாள்.

கையில் பிடித்த கிண்ணங்கள் அப்படியே நின்றன.

"அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்று எர்மெக் சந்தோஷமாக எழுதினான். அந்தச் சந்தோஷம் அங்கே அவன் ஒருவனுக்குத்தான்.

அதன்பிறகு சாலையை எல்லோரும் மறந்துபோனார்கள். காலம் எப்படிக் கெட்டுப்போயிற்று, கைப்பேசி எப்படிக் குடும்பத்தைக் குலைக்கிறது என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். "என் வீட்டுலயே என் பேரு மலிஞ்சுபோச்சு" என்றார் காசிமாலி. ஒவ்வொரு பெரியவருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. உம்சுனாய் குனிந்தாள். மாஸ்கோவில் வேலை பார்க்கும் கணவன் கைப்பேசியில் கூப்பிட்டுத் தன் பங்குக்குக் கத்தினான். நாற்பது நாள் அவள் கையால் ஊற்றிய தேநீரை மாமியார் தொடவில்லை. அவள் அழுததெல்லாம் மாட்டுக்கொட்டகையில்தான். பேசியதற்காக அழவில்லை, தனியாகிப் போய்விட்டோமே என்று அழுதாள்.

படிவத்தில் ஏறியது ஏறியதுதான். விபத்துக் கணக்கோடு அந்த ஒரு வரியும் சேர்ந்துகொள்ள, மேலதிகாரி கடக்கும் இடத்தை வளைவுக்கே மாற்றிவிட்டார். அடுத்த வருஷம் வெள்ளைக் கோடுகளும் விளக்கும் வந்தன. மினிபஸ் நிறுத்தமும் வந்தது. அதற்கு மேலே நீலப் பலகை, அரை மீட்டர் எழுத்தில்: காசிமாலி வளைவு.

காசிமாலி இப்போதெல்லாம் மத்தியானமானால் தேநீர்க்கடை நண்பர்களை இழுத்துக்கொண்டு பலகையடிக்குப் போய் நிற்கிறார். மருமகள் சொன்னபோது மலிந்துபோன பெயருக்கு அரசாங்கம் சொன்னதும் விலை ஏறிவிட்டது. மன்னிப்புக் கேட்க வைத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நவம்பரில் ஒரு நாள் மாமியாரும் மருமகளும் சந்தையிலிருந்து மாவு மூட்டையோடு மினிபஸ்ஸில் திரும்பினார்கள். வெளியே பனி கொட்டியது. ஓட்டுநர் வெளியூர்க்காரன்.

"எங்க வீட்டுக்காரர் வளைவுல நிறுத்துப்பா" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த சைராகுல்.

"எந்த வீட்டுக்காரரும்மா? எல்லா வளைவுலயும் யாராவது ஒருத்தி வீட்டுக்காரர் இருக்காரு."

வண்டியில் சிரிப்பு எழுந்தது. பலகை நெருங்கியது. விட்டால் அடுத்த நிறுத்தம் தேநீர்க்கடை. மூட்டையோடு ஒன்றரைக் கிலோமீட்டர் பனியில் நடக்க வேண்டும். சைராகுல் திரும்பி மருமகளைப் பார்த்தாள். உம்சுனாய் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தது.

"காசிமாலி!" என்று சைராகுல் கத்தினாள். "காசிமாலி வளைவுல நிறுத்துடா!"

வண்டி நின்றது. இருவரும் மூட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வெள்ளைக் கோட்டில் பாதி தூரம் போனதும் சைராகுல் நின்று, தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம்.

"இவ்வளவுதானாடி இந்தப் பேரு?" என்றாள்.

விளக்கு மாறப்போகிறது என்று சொல்லி, உம்சுனாய் மூட்டையைத் தன் பக்கம் இழுத்தாள்.