பொத்தானக்காவின் இரண்டு ஆட்கள்

சொன்ன சம்பளத்துக்குச் சரியென்று தலையாட்டியவர்களை எல்லாம் பொத்தானக்கா முதல் நாளே கழித்துக்கட்டினாள்.

"அக்கா, நான் கம்ப்யூட்டர்ல முதுகலை முடிச்சிருக்கேன். நீங்க சொன்ன சம்பளமே போதும்," என்றான் ஒருவன், வீடியோ காலில் வெகு பவ்யமாக.

"போதுமா? நிஜமாவே போதுமா?"

"தாராளமா போதும்க்கா."

"அப்படின்னா சரிப்படாது தம்பி. நல்லா இருங்க," என்று சொல்லி வீடியோ காலைத் துண்டித்தாள்.

பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர் அவர். எல்லாம் சொன்னபடி நடந்துவிட்டால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்.

"தங்கமான பையன்மா. எதுக்கு விரட்டின?"

"என்கிட்டயே பேரம் பேசாதவன், நாளைக்கு என் சரக்கைக் கேட்ட விலைக்கு வாரிக் கொடுத்துட்டு வருவான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, காலரைப் பாருங்க, கருகுது."

அவள் பிறந்து வளர்ந்ததே தையல் சாமான் மொத்தக்கடையில். மற்ற பிள்ளைகள் ஒன்று இரண்டு எண்ணக் கற்ற வயதில், "கட்டுப்படியாகாதுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்லக் கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து ஆன்லைனில் பொத்தான் விற்க ஆரம்பித்தாள். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் பொத்தானக்கா. கடை ஓடியது. ஆனால் அக்காவை மெசேஜில் பேரத்துக்கு இழுத்துவிட்டால் அவளுக்கு உலகமே மறந்துவிடும். நாலே நாலு சட்டைப் பொத்தானுக்காக ஒரு டீச்சரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாள். அந்த நேரத்தில் முப்பது பார்சல், முகவரி எழுதாமல் மூலையில் முழித்துக்கொண்டு கிடக்கும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் சீண்டினாள். பெரிய துணிக்கடை வைத்திருப்பவள். வாயும் கடை அளவுக்கே விசாலம்.

"அண்ணி, இது கடையா, அரட்டை மடமா? இந்த மாசத்துக்குள்ள ஒரே ஒரு பெரிய ஆர்டரை ஒழுங்கா முடிச்சுக் காட்டுங்க பார்ப்போம். முடியலேன்னா இதை மூடிட்டு என் கடையில வந்து பில் போடுங்க."

"முடிக்கலேன்னா வரேன். போதுமா?" என்று பொத்தானக்காவும் ரோஷத்தில் வாக்குக் கொடுத்துவிட்டாள். வியாபாரக் குடும்பத்தில் வாய்வார்த்தை போனால் போனதுதான். நாத்தனார் கடையில், நாத்தனார் போட்ட விலைச்சீட்டைப் பார்த்து, பேரமே இல்லாமல் பில் போடுவது!

அதனால்தான் இந்த ஆள் தேடும் படலம். நேரில் வர வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்தே கடை வேலையைப் பார்க்கும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் இரண்டு பேர் வேண்டும்: விற்க ஒருவர், வாங்க ஒருவர்.

விற்பதற்கு வாய்த்தவள், முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோனில் டாக்டர் நேரம் கொடுத்தவள். "இன்னைக்கு முடியாதுங்க" என்பதை இருபது விதமாக, இருபதிலும் தேன் சொட்டச் சொல்லுவாள். சம்பளத்தைக் கேட்டதும், "அந்தக் காசுக்கு எங்க வீட்டுப் பூனைகூட லேப்டாப்பைத் திறக்காதுக்கா," என்று எழுந்து போய்விட்டாள். திரையில் வெறும் நாற்காலி. நாலாவது நிமிடம் திரும்பி வந்து, "அட, இன்னும் இருக்கீங்களா?" என்றாள். பொத்தானக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. அந்த இடத்திலேயே அவளுக்குக் காலிநாற்காலி என்று பெயர் சூட்டி வேலையும் கொடுத்தாள்.

வாங்குவதற்கு வந்தவர் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். சம்பளத்தைச் சொன்னாள். அவர் பேசவில்லை. கொஞ்சம் ஏற்றிச் சொன்னாள். பேசவில்லை. நெட் போய்விட்டதோ என்று லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தபடியே இன்னும் ஏற்றினாள். அவர் நிதானமாக மூக்கைச் சொறிந்தார். ஆக, நெட் இருந்தது. தன்னோடு தானே பேரம் பேசித் தானே தோற்றது பொத்தானக்காவுக்கு அன்றுதான் முதல் தடவை. அவர் அழுத்தக்காரர் ஆனார்.

இரண்டு பேருக்கும் தன் கைப்பட எழுதிய பதினோரு பக்கக் குறிப்பேடு ஒன்றை அனுப்பினாள். பேரம் என்றால் எப்படி, எங்கே பெருமூச்சு விட வேண்டும், எப்போது எழுந்து போக வேண்டும், எல்லாம் அதில் உண்டு. விலை படியும்வரை எதிராளியின் ஊர் பேர் விசாரிக்கக் கூடாது, விசாரித்தால் நம் ஆசை தெரிந்துவிடும் என்பது மூன்றாம் பக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று செய்தாள். காலிநாற்காலிக்கு அழுத்தக்காரர் இருப்பதே தெரியாது. அவருக்கு இவளைத் தெரியாது. பொத்தானக்காவின் அப்பா கடையில் அதுதான் வழக்கம். கொள்முதல் குமாஸ்தா மாடியில், விற்பனைக் குமாஸ்தா கீழே. அடக்கவிலை கசிந்துவிடும் என்று இருவருக்கும் டீ கூட வெவ்வேறு பிளாஸ்க்கில் வரும். இதெல்லாம் தேவையா என்ற கணவரிடம், "அப்பா முட்டாளா?" என்று அவள் கேட்டபோது அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தார்.

அந்த அப்பா கடையை மூடியபோது வந்து சேர்ந்த நாற்பது அட்டைப்பெட்டிகள் பின்னறையில் கூரைவரை அடுக்கியிருந்தன. மேலே 'கொக்கி' என்று எழுதியிருந்ததால் பொத்தானக்கா அவற்றைத் திறந்ததில்லை. "அதையெல்லாம் படம் எடுத்து அந்தப் பொண்ணுக்கு அனுப்பி ஒழிச்சுக்கட்டுங்க," என்று கணவரிடம் ஒப்படைத்துவிட்டாள். அவரும் லீவு நாளில் பெட்டி பெட்டியாகத் திறந்து, அடிவரை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார்; கறுத்த உலோகமெல்லாம் அவருக்குக் கொக்கிதான். காலிநாற்காலி அதற்கென்று தனியாக 'பழைய சரக்கு' என்று ஒரு ஆன்லைன் கடையே திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அடித்தது அதிர்ஷ்டம். பேண்டு வாத்தியக் குழுக்களுக்குச் சீருடை தைக்கும் தையல்காரர் ஒருவர், கழுத்தில் அளவு நாடாவோடு நேரிலேயே வந்தார். சிங்கமுகம் போட்ட பித்தளைப் பொத்தான், ஆறாயிரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் கையில் வர வேண்டும். வந்தால் வருஷம் முழுக்கப் பொத்தான் இங்கேதான். வராவிட்டால் வேறு இடம்.

"இருக்குங்க!" என்றாள் பொத்தானக்கா. ஒன்றுகூட இல்லை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் அழுத்தக்காரருக்கு மெசேஜ் பறந்தது.

செவ்வாய்க்கிழமை அழுத்தக்காரர் கூப்பிட்டார். "அக்கா, சரக்கு ஒரு இடத்துல இருக்கு. மொத்தமும் இருக்கு. ஆனா விக்கிறது லேசுப்பட்ட ஆள் இல்ல. விலையைத் தொட்டா எழுந்து போயிடறாங்க."

"போகட்டும் தம்பி! நீங்க வாயே திறக்காதீங்க. ஏங்கட்டும்!"

அரை மணி கழித்துக் காலிநாற்காலி. "அக்கா, பழைய சரக்குக்கு ஒருத்தர் மாட்டியிருக்காரு. கல்லுளிமங்கன்க்கா! விலை சொன்னேன், ரெண்டு மணி நேரமா ஒரு புள்ளி கூட பதில் வரலை."

"அப்படிப்பட்ட ஆள்கிட்ட பேசறதுதான்டி சுகம்! அவரா அனுப்பற வரைக்கும் நீயும் அனுப்பாதே!"

இருவரும் சொன்னபடி கேட்டார்கள். புதன்கிழமை முழுக்க யாரும் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. பொத்தானக்காவோ பின்னறையில் தட்டாமாலை சுற்றாத குறை. "ஒரே வாரத்துல ரெண்டு பக்கமும் எப்படித் தயார் பண்ணியிருக்கேன் பாருங்க! எதிராளிங்க திண்டாடறாங்க!" என்று கணவரின் கன்னத்தைக் கிள்ளினாள். அவர் அட்டவணைக்காரர் அல்லவா, "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

வியாழன் மத்தியானம் வரை சரக்கு வரவில்லை. அழுத்தக்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கேட்ட விலையைக் கொடுத்துத் தொலைங்க. சரக்கு வந்தாப் போதும்."

"ஒன்பதாம் பக்கம்க்கா."

"என்ன ஒன்பதாம் பக்கம்?"

"'நானே வந்து விட்டுக்கொடு என்று கெஞ்சினாலும் நம்பாதே, அது பரீட்சை.' நீங்க எழுதினதுதான்."

"ஐயோ, இது பரீட்சை இல்ல தம்பி! சத்தியமா!"

"'சத்தியம் செய்தாலும் நம்பாதே.' அடுத்த வரி."

போனை வைத்தார் மகராசன். பொத்தானக்கா தன் கையெழுத்தை அன்று சபித்த மாதிரி எதிரியைக்கூடச் சபித்ததில்லை. நாத்தனார் கடையின் பில் மெஷின் காதுக்குள் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் காலிநாற்காலி குதூகலமாக வந்தாள்.

"அக்கா, அந்தக் கல்லுளிமங்கன் இப்பத்தான் வாயைத் திறந்தாரு! மூணாவது தடவையா முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு நம்ம காலடியில வந்து நிப்பாரு பாருங்க."

"நல்லா இரும்மா," என்றாள் பொத்தானக்கா சுரத்தில்லாமல். "அப்படி எதைத்தான் கேக்கறாரு? கொக்கியா?"

"கொக்கி மேலாப்புலதான்க்கா. அடியில பூரா பொத்தான். சிங்கமுகம், பித்தளை. ஆறாயிரம் வேணுமாம்."

பொத்தானக்கா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பெட்டிகள் கூரைவரை நின்றன. அவற்றில் ஒன்றின் மேல்தான் அவள் காபி டம்ளர் இருந்தது.

அடுத்த நிமிடம் இரண்டு பேரையும் ஒரே வீடியோ காலில் இழுத்துப் போட்டாள். அப்பாவின் மாடியும் கீழ்த்தளமும் ஒரே திரையில்.

"தம்பி, இவங்ககிட்டதான் நீங்க மூணு நாளா வாங்கிட்டிருக்கீங்க. ஏம்மா, இவர்கிட்டதான் நீ வித்திட்டிருக்கே. சரக்கு என் வீட்டுல இருக்கு. வாங்கறதும் நான்தான்."

காலிநாற்காலி கண்ணை அகல விரித்தாள். "நீங்களா அது? உங்க முதலாளி பிடிச்சா விடாத பிசாசுன்னு சொன்னீங்களே, பாவம்னு நினைச்சேன்!"

அழுத்தக்காரர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உடனே பதில் சொன்னார். "நீங்க மட்டும் என்னவாம்? உங்க முதலாளி ராட்சசின்னீங்க."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இருவரும் பொத்தானக்காவைப் பார்த்தார்கள். பிசாசும் ராட்சசியுமாகிய அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, விக்கல் எடுக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொத்தானக்காவும் கணவரும் பெட்டிகளை இறக்கினார்கள். அட்டைக்குப் பன்னிரண்டாகக் கோத்த சிங்கங்கள், ஐந்நூறு அட்டை. எல்லாம் கரிபூசிய மாதிரி கறுத்துக் கிடந்தன. கணவர் பித்தளைப் பாலிஷ் வாங்க ஓடினார். சாயங்காலம் நாத்தனார் வந்தாள், வாசலிலிருந்தே குரலை ஏற்றிக்கொண்டு.

"அண்ணி, பில் போடற இடத்துல உங்களுக்கு நாற்காலி எவ்வளவு உயரம் வேணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்!"

"வாங்க வாங்க," என்று அவள் கையில் ஒரு துணியைத் திணித்தாள் பொத்தானக்கா. "முதல்ல இந்தச் சிங்கத்துக்கு மூஞ்சி துடைங்க."

பத்து சிங்கம் துடைத்ததும் நாத்தனாருக்கு வேகம் பிடித்துவிட்டது. "ஏன் அண்ணா, இதுக்குப் பேரு பாலிஷா? மீசை இன்னும் கறுப்பா இருக்கு பாரு!" என்று தமையனைக் கடிந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் நூறு அட்டையைத் தனியாளாகப் பளபளக்க வைத்தாள். எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் தையல்காரர் வந்தார். மேஜைமேல் அட்டைகள் தகதகத்தன. எண்ணிக்கை சரிபார்க்க இரண்டு ஆட்களும் போன் ஸ்பீக்கரில் இருந்தார்கள். மிச்ச அட்டைக்கு மீசை துடைக்க நாத்தனாரும் வந்திருந்தாள். தையல்காரர் ஒரு சிங்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய சரக்கு மாதிரி இருக்கே. பேசின விலைக்குக் கட்டுப்படியாகாதுங்க."

தன் வீட்டு வசனத்தைத் தனக்கே சொல்கிறார்! ஆனால் பயம் யாரை விட்டது? பாதி விலைக்காவது தள்ளிவிடுவோம் என்று பொத்தானக்கா வாயைத் திறந்தாள்.

"அக்கா, நீங்க போய்க் காபி போடுங்க," என்றது போன், தேன் குரலில்.

அவளுக்கு அது உயிரே போகிற மாதிரி இருந்தது. தன் வீட்டில், தன் சரக்குக்கு, தன் கண்ணெதிரே ஒரு பேரம் நடக்கும்போது அடுப்படிக்குப் போவதா? போனாள். போய்க் கதவோரம் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தையல்காரருக்கு வேண்டாம்னா அந்த ஆறாயிரத்தையும் நான் எடுத்துக்கறேன்," என்றார் அழுத்தக்காரர்.

"உங்களுக்குத்தான் மூணு நாளா முடியாதுன்னு சொல்றேனே," என்றாள் காலிநாற்காலி. "அவர்தானே முதல்ல கேட்டது?"

"விலையை ஏத்திக்கங்க."

"எவ்வளவு ஏத்துவீங்க?"

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். விலை படி படியாக ஏறியது. தையல்காரர் போனையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். கை தானாக நீண்டு அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டது.

"யாருங்க அந்தாளு? என் சரக்குங்க இது! பேசின விலை பேசினதுதான். வருஷம் பூரா எனக்குத்தான். எங்க கையெழுத்துப் போடணும்?"

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பொத்தானக்கா கரண்டியோடு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தையல்காரர் ஆட்டோவில் சிங்கங்களோடு போன பிறகு, நாத்தனார் துணியை மடித்து வைத்தாள். குரல் வழக்கத்துக்கு விரோதமாகப் பணிவாக வந்தது.

"ஜெயிச்சுட்டீங்க, ஒத்துக்கறேன். அண்ணி... அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை என் கடைக்கு விடுவீங்களா? என்ன கேக்கறீங்களோ சொல்லுங்க."

பொத்தானக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அக்கா!" என்று அலறின போனிலிருந்து இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில். "நீங்க எதுவும் சொல்லிடாதீங்க! நாங்க பேசிக்கறோம்!"