ஆர்வில் முழுக வேண்டிய ஓடை

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஓர் ஊறுகாய் பாட்டிலில் பிறந்தது. எங்கள் இண்டியானா சுண்ணாம்புக்கல் குவாரியில் வெள்ளம் புகுந்து எழுபது அடிக்கு நின்றது. அதை இறைத்து, சேறு படியவிடும் தெளிகுட்டையில் மருந்து போட்டு, ஓடையில் விடும் பொறுப்பு வெர்னாவுடையது. குட்டைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்ப்பாள். எழுத்து தெரிந்தால்தான் ஓடைக்கு விடுவாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானமும் வெர்னாவும் சேர்ந்து அழுத அந்த...’

[அடித்துவிட்டேன். வெர்னா மழைக்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை.]

2

அவள் கணவன் ஆர்வில் இருபத்திரண்டு வருடமாக ஞானஸ்நானத்துக்கு டிமிக்கி கொடுத்தவன். ஒரு வருடம் முதுகுவலி, மறுவருடம் மீன்பிடி சீசன். எங்கள் சபையில் அதே ஓடையில் முழுக்கி எடுத்தால்தான் செல்லும். வருகிற செவ்வாய் அவனுக்கு இதய ஆபரேஷன். அதனால் இந்த ஞாயிறு சம்மதித்துவிட்டான்.

“தண்ணி காப்பி மாதிரி இருந்தா எறங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“சாக்குக்கு அலையாத. கண்ணாடியா இருக்கும், நான் பொறுப்பு.”

(இவ்வளவு அழும்புக்காரன் உண்டா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவன் வீட்டு வாசல்வரை போய்ப் பார்த்தேன். உண்டு.)

3

சனிக்கிழமை மதியம் வெர்னா தற்செயலாக இன்னொரு பாட்டில் பிடித்தாள். தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் காலையில், பம்பைப் போடுவதற்கு முன்பே பிடித்திருக்கிறாள். இரவெல்லாம் அசையாமல் கிடக்கும் குட்டையில் சேறு அடியில் படிந்திருக்கும். பம்பு ஓடினால் எல்லாம் கலங்கி ஓடைக்குப் போகும்.

மேஸ்திரி டெல்பர்ட் வந்தார்.

“இன்னும் ஆறடிதான் வெர்னா. திங்கக்கெழம கல்லு போகலேன்னா ஆர்டர் அடுத்த குவாரிக்குப் போயிடும். நாப்பத்திமூணு பேரு மூணு மாசமா வீட்ல ஒக்காந்திருக்காங்க. காலையில பாத்ததையே பதிவேட்டுல எழுதிப் போடு.”

“அது பம்பு தூங்கறப்போ பாத்தது, டெல்பர்ட்.”

“அப்ப அந்த நாப்பத்திமூணு பேருக்கும் நீயே போன் போட்டுச் சொல்லு.”

வெர்னா பம்பு சுவிட்சில் கை வைத்தாள்.

4

முடிவு அ: அணைக்கிறாள். விடிவதற்குள் ஓடை தெளிகிறது. ஆர்வில் பல் கிட்டிக்க முழுகி எழுகிறான். குவாரியில் பூட்டு தொங்குகிறது.

முடிவு ஆ: அணைக்கவில்லை. ஆர்வில் கலங்கல் தண்ணீரைப் பார்த்து, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சந்தோஷமாக வீடு திரும்புகிறான். செவ்வாய்க்கிழமை

[இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.]

5

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த நாற்பத்திமூன்று பேரில் நானும் ஒருவன், லாரி எடை போடுகிறவன். ஆர்வில் என்னோடு மீன் பிடிக்க வருகிறவன். அந்த இரண்டையும் தவிர இன்னும் மூன்று தரம் முடிவு எழுதினேன், மூன்று தரமும் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கமாக இருக்கிறது. என் கையை நம்பாதீர்கள்.

உங்களுக்கு இங்கே வேலையும் இல்லை, முழுக வேண்டிய ஆளும் இல்லை. வெர்னாவின் கை இன்னும் சுவிட்சில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.