கைப்பிடி கழன்ற ஜன்னல்

கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஜன்னல் கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறாள் அமுதவல்லி, வெளியே காற்று அதை அந்தப் பக்கம் இழுக்கிறது, யாரோ ஒரு ஆள் தெருவில் நின்று விடமாட்டேன் என்று இழுப்பதுபோல் இழுக்கிறது, மாமனார் தெய்வநாயகம் ஸ்டூல் மேல் ஏறாமல் அதன் பக்கத்திலேயே நின்று புதுக் கைப்பிடியை மரத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறார், இன்னும் கொஞ்சம் உள்ள இழும்மா என்கிறார், இழுத்துகினுதான் இருக்கேன் மாமா என்கிறாள் அவள், மழைச்சாரல் முழங்கை வரைக்கும் நனைத்துவிட்டது. புயல் நாளைக்குக் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கடலூர் முதுநகரில் புயல் என்பது ஒவ்வொரு கார்த்திகைக்கும் வந்து போகிற உறவுக்காரர் மாதிரிதான், வருகிறது என்றால் அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைப்பார்கள், மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவார்கள், ஆனால் இந்தக் கூடத்து ஜன்னலுக்குக் கைப்பிடி போட வேண்டும் என்று இத்தனை புயல்களில் ஒன்றுக்குக்கூட யாருக்கும் தோன்றவில்லை, திருகாணி இருந்த ஓட்டையில் ஒரு நைலான் கயிற்றைக் கோர்த்துக் கம்பியில் கட்டி வைத்தே காலம் போய்விட்டது.

இன்று காலை காப்பி கொதித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது, அடுப்படியில் இருந்து அவளுக்குக் கேட்டதெல்லாம் சரி, சரிம்மா, சொல்றேன் என்ற மூன்று சொற்கள்தான், பிறகு சட்டையை மாட்டும் ஓசை, குடையை உதறும் ஓசை, காப்பியைக் குடிக்காமல் அந்த மழையில் எங்கே போகிறார் என்று அவள் வாசலுக்கு வருவதற்குள் தெருமுனையில் திரும்பிவிட்டார். அரை மணி கழித்து முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்தார், கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம், பஜ்ஜியோ என்று நினைத்தாள், பிரித்தால் பளபளவென்று ஒரு இரும்புக் கைப்பிடி, நாலு திருகாணிகள். இந்த ஜன்னல் இப்பிடியே இருந்தா நல்லா இல்லம்மா என்றார், திருப்புளி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர், விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகவும் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கவும் தெரிந்தவர், ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, ஃபியூஸ் போனால்கூட எதிர்வீட்டு மனுஷனைத்தான் கூப்பிடுவார், அவர் திருப்புளி தேடுகிறார் என்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது.

அந்தக் கைப்பிடி கழன்ற நாளும் பகல்தான், மழை இல்லை, வெயில் காய்ந்துகொண்டிருந்தது, பார்த்திபன் ஜன்னலோரம் நிற்கிறான், அவளுடைய புருஷன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவன் மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறான், வந்தவன் செருப்பைக் கழற்றிய கையோடு சொல்கிறான், அங்க ஒரு பொண்ணோட இருக்கேன்பா, மறைச்சு வெச்சு வாழ முடியல. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னான், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை, தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றி முடித்தாள், தட்டைத் தரையில் வைத்தாள், எல்லாம் வேறு யாருடைய கைகளோ செய்வதுபோல் செய்தாள். தெய்வநாயகம் எழுந்து போய் மகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசல் பக்கம் இழுக்கிறார், வெளிய போடா, இந்தப் பொண்ணு இருக்கிற வூட்ல நீ நிக்கக் கூடாது, நான் செத்தா என் பொணத்துக்குக்கூட வராத, இழுக்க இழுக்க அவன் ஜன்னல் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான், திமிராக அல்ல, விழாமல் இருக்கப் பிடிப்பதுபோல, நான் சொல்றதக் கேளுப்பா என்கிறான், இவர் இழுக்கிறார், மரம் கிறீச்சிட்டுத் திருகாணிகளோடு கைப்பிடி அவன் கையோடு வந்துவிடுகிறது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். அவன் அதை ஜன்னல் திட்டில் மெதுவாக வைத்தான், கண்ணாடி டம்ளரை வைப்பதுபோல, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு சுடுதரையில் இறங்கி நடந்தான்.

அதற்குப் பிறகு பண்ருட்டியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தான், கெளம்பு என்றான், அண்ணி அவனோடு வரவில்லை, வராததிலேயே அந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்று அவளுக்குத் தெரிந்தது, தெய்வநாயகம்தான் இடையில் வந்து நின்றார், இது அவ வூடு தம்பி, போனவன் போவட்டும், அவ ஏன் போவணும் என்றார், அந்த ஒரு வார்த்தையில் அவள் இங்கேயே தங்கிப்போனாள். மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர், மாமனாரும் மருமகளும் மட்டும் இருக்கிற வீடு, தெரு என்ன பேசாது, பேசியது, அவள் பஜாரில் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனாள், மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டு அத்தனை பேச்சையும் கேட்காததுபோல் இருந்து பழகினாள். அவர் கூடத்தில் படுப்பார், அவள் உள்ளறையில், மகனின் பெயரை அவர் அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் சட்டைக் கடையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார், அவருக்குப் பொருந்தாத அளவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார், அவள் புடவையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வாள், எனக்காக இந்த மனுஷர் பெத்த பிள்ளையை விட்டார் என்பது அவளுக்கு ஒரு பாரம், யாரிடமும் இறக்கி வைக்க முடியாத பாரம், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க மாமா என்று சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய் வரைக்கும் வரும், பிறகு அந்தத் தட்டும் குழம்பும் நினைவுக்கு வரும், வாய் மூடிக்கொள்ளும். கனவில் அவன் வருவான், எப்போதும் கம்பிகளுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பான், வெயிலா மழையா தெரியாத ஒரு வெளிச்சத்தில் நிற்பான், கதவ உள்ள இழு, கண்ணு கூசுது என்பான், அவள் இழுக்கப் போவாள், பிடிக்க ஒன்றும் இருக்காது, வழவழவென்று மரம் மட்டும் இருக்கும், விழித்துப் பார்த்தால் கூடத்தில் மாமனார் இருமலோ பெருமூச்சோ இல்லாமல் விழித்தே கிடப்பது இருட்டில் தெரியும்.

மாமா, என்ன ஆச்சு, சொல்லுங்க என்றாள் இப்போது, கதவை இழுத்துப் பிடித்தபடியே. அவர் திருகாணியை ஓட்டையில் வைத்தார், ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தது, திருகாணி பிடிமானம் இல்லாமல் லொடலொடவென்று ஆடியது, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார், பார்த்தி பூட்டானாம்மா. எங்க போயிட்டாரு என்று கேட்டாள், கேட்ட பிறகுதான் அது எந்தப் போக்கு என்று புரிந்தது, காற்று ஒரு இழுப்பு இழுத்தது, கதவு விரல்களிலிருந்து நழுவிச் சுவரில் மோதியது. திருப்பூர்ல ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்களாம், நுரையீரல் கெட்டுப்போச்சாம், பஞ்சுத் தூசியாம், நேத்து சாயங்காலமே முடிஞ்சிபோச்சாம், அந்தப் பொண்ணு பேசிச்சு. அவள் மறுபடி கையை வெளியே நீட்டிக் கதவைத் தேடினாள், அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, உள்ளங்கையில் மழைதான் விழுந்தது.

என்ன சொன்னா அவ. அவர் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஒடித்து ஓட்டைக்குள் திணித்தார், ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார் போல, இன்னொன்றை ஒடித்தார், அது கீழே விழுந்தது, குனிந்து தேடுகிற சாக்கில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், இங்க கொண்டாரலாமான்னு கேக்குது, அங்க அவங்களுக்கு யாரும் இல்லியாம், எப்பவும் ஊரு ஊருன்னு சொல்லிகினே இருந்தானாம். நீங்க என்ன சொன்னீங்க. வூட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.

வீட்டில் என்றால் அவள்தான், வேறு யார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொன்னவர் கேட்கவில்லை, கேட்க முடியாமல் மழையில் இறங்கிப் போய் ஒரு கைப்பிடியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், பிணத்தைக் கிடத்தினால் கூடத்தில்தான் கிடத்த வேண்டும், இந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தால் அவன் மேல்தான் அடிக்கும், அதுவரைக்கும் யோசித்திருக்கிறார், அவளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் வந்தது, அவளுக்கு அது நன்றாகத் தெரியும், யாருடன் வாழப் போனானோ அவளே எரிக்கட்டும் என்று வந்தது, தெரு முழுக்க வந்து நின்று என் முகத்தைப் பார்க்கும், அழுகிறாளா இல்லையா என்று பார்க்கும், நான் எதற்கு அதற்கெல்லாம் நிற்க வேண்டும், தாலியை இன்னும் கழற்றவில்லையே, கழற்றச் சொல்வார்களே, வாழாத வாழ்க்கைக்கு வளையல் உடைக்க வேண்டுமா. ஒனக்கு வேணாம்னா வேணாம்மா, நா மட்டும் பஸ்ஸப் புடிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன் என்றார் அவர், குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, டிக்கெட் இல்லாதவரை அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோல் ஒரு சாதாரணக் குரல், சொல்லிக்கொண்டே திருகாணியைத் திருகுகிறார், திருகத் திருக அது வெளியே வருகிறது, இடப்பக்கமாகத் திருகிக்கொண்டிருக்கிறார், அது அவருக்குத் தெரியவில்லை, கண்ணில் நீர் கோத்து நிற்கிறது, துடைக்கக் கை இல்லை.

குடுங்க மாமா என்று திருப்புளியை வாங்கினாள். நீங்க கதவப் புடிங்க. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள், அவர் கம்பிகளுக்குள் கையை விட்டுக் கதவை இழுத்துப் பிடித்தார், அவள் குச்சிகளை நன்றாக நெருக்கித் திணித்து முதல் திருகாணியை அழுத்தித் திருகினாள், மரம் கவ்வுவது மணிக்கட்டில் தெரிந்தது, இரண்டாவதைத் திருகினாள், மூன்றாவதைத் திருகும்போது சொன்னாள், கொண்டாரச் சொல்லுங்க. அவர் கதவை இன்னும் உள்ளே இழுத்தார். புயல் வர்றதுக்குள்ள கெளம்பச் சொல்லுங்க மாமா, ரோடு அடச்சிருவாங்க. அந்தப் பொண்ணு, என்று இழுத்தார் அவர். அவளத் தனியா எங்க விட்டுட்டு வருவாங்க, கூடவே வரட்டும் என்றாள், நாலாவது திருகாணியைத் திருகி முடித்துவிட்டுக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது, மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது, தெருக்காரர்கள் நாலு பேர் பிடித்து இறக்கினார்கள், தெய்வநாயகம் குடையை விரித்து மகனின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார், அவர் முழுக்க நனைந்தார், வாசல்படி ஏறும்போது பார்த்துப்பா, பார்த்துப்பா என்றார், தூக்கி வந்தவர்களிடம் சொன்னாரா அவனிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அவன் மெலிந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை அளவுக்கு ஆகியிருந்தான். கடைசியாக இறங்கிய அந்தப் பெண், ரேணுகா, படியேறாமல் முருங்கை மரத்தடியில் நின்றாள், உள்ளே வரலாமா என்று கேட்கவும் தெரியாமல் போகவும் இடமில்லாமல் நின்றாள், அமுதவல்லி வாசலுக்குப் போய் உள்ள வாங்க, நனையாதீங்க என்றாள், கூடத்துப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திப் பார்த்தார்கள். அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தன் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், கட்டிக்கொண்டு வந்து அவன் தலைமாட்டில் அல்ல, கால்மாட்டில் உட்கார்ந்தாள் ரேணுகா.

கூடத்தில் ஊதுவத்திப் புகை சுருண்டு நின்றது, ஆட்கள் நிறைந்து புழுக்கம், யாரோ ஒரு அம்மாள் எழுந்து ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள், ஈரக்காற்று உள்ளே வந்து அவன் மேல் போட்டிருந்த வேட்டியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரேணுகா அதையே பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் நகர்ந்து வந்து அமுதவல்லியின் காதோரம் மெதுவாகச் சொன்னாள், அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, அந்த ஜன்னலச் சாத்திரலாமுங்களா. அமுதவல்லி எழுந்து போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள், ஒரே இழுப்பில் கதவு வந்து பொருந்தியது, தாழ்ப்பாளைப் போட்டாள், காற்று நின்றது, திரும்பி வந்து உட்கார்ந்தாள். காத்து ஆவாதுங்க்கா அவருக்கு, என்றாள் ரேணுகா, துளி காத்து பட்டாலும் விடிய விடிய இருமுவாரு, நெஞ்சத் தடவி விட்டாத்தான் கண்ண மூடுவாரு, உங்களுக்குத் தெரியாததுங்களா. தெரியும் என்றாள் அமுதவல்லி. தன்னோடு வாழ்ந்த வருஷங்களில் அவன் ஒருநாள்கூட இருமியதில்லை. தெரியும் தெரியும் என்று இன்னொரு முறை சொன்னாள், அப்போதுதான், அந்த நாள் முழுக்க வராத அழுகை வந்தது.