மேல் வளைவிலிருந்து ஒரு கத்தல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஆல்ப்ஸ் கணவாயின் உச்சியில், அன்னமெஞ்சா நடத்தும் சத்திரத்தில். பார்லி சூப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்கப்பாவப் பாறை மட்டும் கொல்லல." நல்ல தொடக்கம். அதனாலேயே அதைச் சந்தேகிக்கிறேன்.

"பனிபடர்ந்த சிகரங்களுக்கிடையே ஒரு..." (வேண்டாம். சுற்றுலாக் கையேட்டு வாடை.)

2

உப்பு சுமந்த கோவேறு கழுதைகள் தேய்த்த பாதை அது. பிறகு பட்டாளம் வந்தது, பிறகு கார்கள். வழியில் இருக்கும் பாலத்தைக் கட்டியவர்கள் கூலிகள். பிசாசு கட்டியதாகக் கதை சொல்லி, வைத்த பெயரோ பிசாசுப் பாலம். இப்படிப் பொய் சொல்லும் சாலையில், ஓரமாக நட்ட ஒரு சிலுவை மட்டும் உண்மை பேசுமா?

கொண்டை ஊசி வளைவொன்றில் நின்றிருந்தது அந்தச் சிலுவை. "கியேரி. சாலைப் பணியில் பாறை உருண்டு மாண்டான்." அவர் அன்னமெஞ்சாவின் அப்பா. சிலுவையை நட்டவர் அவரோடு வேலை பார்த்த பால்ட்சர். மறுவருஷமே கியேரியின் மனைவியைக் கட்டிக்கொண்டவரும் அவரே. அன்னமெஞ்சா அவரை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை.

(முதல் வரைவில் பால்ட்சரை வில்லனாக்கினேன். மாடுகளுக்குப் பாடிக்கொண்டே பால் கறப்பார் என்று தெரிந்ததும் கை நின்றுவிட்டது. வில்லன்களும் பாடுவார்கள்தான்.)

3

பல வருஷம் கழித்துச் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் சிலுவையைப் பெயர்க்கப் போனார்கள். பால்ட்சர் குறுக்கே நின்றார்.

"உடம்பு கல்லறையில கிடக்கு. இங்க என்ன இருக்குன்னு மறிக்கிறீங்க?" என்றாள் அன்னமெஞ்சா.

"இங்கதாம்மா விழுந்தான்."

"நீங்க எங்க நின்னீங்க?"

அவர் மேல் வளைவைக் காட்டினார். "பாறை அசையறதப் பாத்துக் கத்தினேன். காத்து அள்ளிட்டுப் போயிடுச்சு."

"இன்னைக்கும் காத்து அடிக்குது. போய்க் கத்துங்க. எனக்குக் கேக்குதான்னு பாப்போம்."

"முட்டிவலிக்காரன மலையேறச் சொல்றியே!"

"எங்கம்மாவத் தேடி ஓடி வந்தப்ப முட்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

தொழிலாளி ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். பால்ட்சர் ஏறினார்.

4

அவள் சிலுவையருகே நின்றாள். மேலே கிழவர் இரு கைகளையும் வாயருகே குவித்தார். தோள்கள் குலுங்கின.

"கியேரி!" என்று தெளிவாகக் கேட்டதாகத்தான் முதலில் எழுதினேன். கேட்டிருந்தால் அவர் பொய்யர், கதை முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடிகிற கதையை நான் நம்புவதில்லை.

அன்னமெஞ்சா சொன்னது வேறு. ஒன்றுமே கேட்கவில்லையாம். காற்று தின்றதா, அவர் வாயை மட்டும் திறந்தாரா, அழுதாரா? அவளுக்குத் தெரியவில்லை. தொழிலாளிகளிடம் திரும்பி, "சிலுவையப் பிடுங்குங்க. மேல, அவர் நிக்கிற எடத்துலயே நட்டுடுங்க" என்றாள்.

நட்டார்கள். பால்ட்சர் தடுக்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"தண்டனையா, மன்னிப்பா?" என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கும் தெரியாது. அந்தப் பக்கம் போனால் மேல் வளைவில் நின்று நீங்களே கத்திப் பாருங்கள். கீழே நின்று, கேட்டதா இல்லையா என்று சொல்ல மட்டும், நீங்கள் நம்பும் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.