ஐம்பத்திரண்டு அட்டைகள்

ஐம்பத்திரண்டு புத்தகம் படிக்கிறேன் என்று சொல்லும்படி அவள் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே! நர்சிங் மூன்றாம் ஆண்டு. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, மாலையில் ரெக்கார்டு நோட்டு என்று மூச்சுவிட நேரமில்லாத பிள்ளை. நூலகத்தில் 'வாரம் ஒரு புத்தகம், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கூட வந்த தோழி, "பாடப் புத்தகத்தையே நாம முழுசாப் படிச்சதில்ல, இது வேறயா?" என்று சிரித்தாள். இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

போட்டிக்கு ஒரே ஒரு விதிதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் மனசில் நின்றதை ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். நூலகர் அம்மா அதை வாசலுக்கு எதிரே இருந்த பலகையில் அவரவர் பெயருக்குக் கீழே குத்தி வைப்பார். அவ்வளவுதான், வேறு கேள்வியே கிடையாது. நம்பிக்கைதான் கணக்கு.

முதல் ஐந்து வாரம் நிஜமாகவே படித்தாள். ஆறாவது வாரம் நரம்பு மண்டலத்தில் தேர்வு வந்தது. எடுத்து வந்த புத்தகத்தை அவள் தொடக்கூட இல்லை. ஆனால் வீட்டில் இன்னொருவர் தொட்டிருந்தார்.

அவளுடைய அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை மணி அடிக்கும்வரை வண்டியை மரநிழலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தூங்குவார். மகள் புத்தகம் எடுத்து வரத் தொடங்கியதிலிருந்து, அவள் காலையில் ஓடிய பிறகு மேசையில் கிடப்பதைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்துப் படித்தார். எட்டாவதோடு பள்ளியை விட்டவர். வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பார். ஆனாலும் வாரம் முடிவதற்குள் முடித்துவிடுவார்.

படித்ததைப் பேசாமலும் இருக்க மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான்.

"பாப்பா, அந்தக் கதையில பெரியவர் எல்லாரையும் பார்த்துக் கத்துறாரே, அது கோபம் இல்ல. பயம். பயந்தவங்கதான் அப்படிக் கத்துவாங்க."

"ஆமாம்மா," என்றாள் மகள், தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

சனிக்கிழமை நூலகத்தில் வெற்று அட்டையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தபோது, அம்மா சொன்ன அந்த வரிதான் கைக்கு வந்தது. எழுதிவிட்டாள். இந்த ஒரு தடவை மட்டும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நூலகர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த வயசுல உனக்கு இவ்வளவு புரியுதா!"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துவைத்தாள். காது மட்டும் சுட்டது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. தேர்வு இல்லாத வாரம் என்று ஒன்று வந்தால்தானே! வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் காது கொடுத்தால் போதும், சனிக்கிழமை அட்டை தயார். சில நாள் அம்மா, "சொல்லாதே சொல்லாதே, கடைசி அத்தியாயம் நான் இன்னும் படிக்கல!" என்று கையை நீட்டித் தடுப்பார். சொல்வதற்கு இவளிடம் என்ன இருந்தது? ஒரு மண்ணும் இல்லை. "சரி, சொல்லல," என்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொள்வாள், திருட்டுக் கழுதை.

நூலகத்தில் அவளுக்கு 'அம்பத்திரண்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. உள்ளே நுழைந்தாலே, "வந்துட்டாப்பா அம்பத்திரண்டு!" என்பார்கள்.

வருடக் கடைசி சனிக்கிழமை, முடித்தவர்களுக்குச் சான்றிதழ் என்றார்கள். முடித்தது இவள் ஒருத்திதான். வீட்டில் சொல்லாமல் போய்விடத்தான் பார்த்தாள். தோழி உளறிவிட்டாள். அம்மா வண்டியைக் கழுவித் துடைத்து, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, "என் பொண்ணுக்குக் கொடுக்கிறதை நான் பார்க்க வேணாமா?" என்று கிளம்பிவிட்டார். வேன் ஓட்டும் தன்னை யார் உள்ளே விடுவார்கள் என்று அதுவரை அவர் அந்த வாசலை மிதித்ததில்லை.

மிதித்ததும் கண்ணில் பட்டது பலகைதான்.

"உன் கையெழுத்து!" என்று விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். "அம்மா, முதல்ல போய் உட்காரலாம் வா," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு பாப்பா." முகமெல்லாம் பூரிப்பு. "எனக்குத் தோணினது அப்படியே உனக்கும் தோணியிருக்கு பாரேன்! நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மனசு!"

அதைவிடப் பளாரென்று அறைந்திருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

விரல் அடுத்த அட்டைக்குப் போனது. அதற்கடுத்ததற்கும் போனது. எட்டு, ஒன்பது அட்டை தாண்டியதும் மெதுவானது. ஓர் அட்டையில் அப்படியே நின்றுவிட்டது. அதில் இப்படி எழுதியிருந்தது: 'வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, கண்ணாடியில் தெரியும் பிள்ளையைப் பற்றிப் பயமில்லை. தெரியாத பிள்ளையை நினைத்துத்தான் கால் எப்போதும் பிரேக்கில் இருக்கும். இந்தத் தாயும் அப்படித்தான்.'

மகளுக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது.

அம்மா விரலை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நூலகர் வந்து சேர்ந்தார்.

"வாங்கம்மா வாங்க! நீங்கதான் அம்பத்திரண்டோட அம்மாவா? பொண்ணு அட்டையைப் படிக்கிறதுக்குன்னே இங்க ஆளுங்க வர்றாங்க. வீட்டுல நீங்களும் படிப்பீங்களா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"நானா? நான் எங்கங்க படிக்கிறேன்," என்று அம்மா சிரித்தார். "வண்டி ஓட்டவே நேரம் சரியா இருக்கு. எல்லாம் அவதான்."

கைதட்டினார்கள். அவள் சான்றிதழை வாங்கினாள்.

வெளியே வந்து அம்மாவின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அதில் கிடந்த, கணக்கு முடிந்த பிறகும் எடுத்து வந்து அம்மா பாதி படித்திருந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"எத்தனை படிச்சே?"

"அம்மா..."

"எத்தனைன்னு கேட்டேன்."

"அஞ்சு."

அம்மா தலையாட்டிக்கொண்டார். "பரீட்சை இருந்துச்சு. தெரியும். படிக்க முடியலைன்னு சொல்லியிருந்தா நான் என்ன திட்டப் போறேனா? எழுதித் தாம்மான்னு கேட்டிருந்தாக்கூட எழுதித் தந்திருப்பேன்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ பெரிய படிப்புப் படிக்கிறே. உன்கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. இந்தப் புக்கைப் படிச்சா உன்கூடப் பேசலாமேன்னுதான் பாப்பா படிச்சேன். நீயும் ஆமாம் ஆமாம்னியா, பேசறேன்னே நினைச்சுக்கிட்டேன். வருஷம் பூரா நான் யார்கிட்ட பேசிட்டு இருந்தேன்?"

அவள் புத்தகத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். ஓடவில்லை, நடந்தே உள்ளே போனாள்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நூலகரிடம் சான்றிதழை நீட்டினாள். "மேடம், முதல் அஞ்சு மட்டும்தான் என்னுது. மத்த நாப்பத்தேழும் எங்க அம்மா சொன்னது. நான் அந்தப் புக்கைத் திறந்துகூடப் பார்க்கல." தோழியும் இன்னும் நாலைந்து பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். நூலகர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பலகைக்குப் போய், தலைப்பில் இருந்த அவள் பெயர்ச் சீட்டைப் பிடுங்கினார். "அம்மா பேரைச் சொல்லு," என்றார் பேனாவை எடுத்துக்கொண்டு. சொன்னாள். குரல் வரவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேன்மா. பலகையில உன் பேரை எழுதிட்டாங்க."

அம்மா முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல உட்காரட்டுமா?"

"அங்க புக்கு இருக்கு," என்றார் அம்மா.

எடுத்து வைத்தால் போகிறது, ஒரே ஒரு புத்தகம். அம்மா எடுக்கவில்லை. எடுக்கும் துணிச்சல் இவளுக்கும் வரவில்லை. பின்கதவைத் திறந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட தாழ்வான இருக்கையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வண்டி நகரவில்லை. அம்மாவின் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"தலையைத் தூக்கி உட்காரு," என்றது முன்னாலிருந்து அம்மாவின் குரல். "கண்ணாடியில தெரிய மாட்டேங்கறே."