நங்கூரம் பொறித்த வளையங்கள்

“நங்கூரம் பொறிச்சிருக்கான் பாரு. சும்மா எவனாவது பொறிப்பானா?”

“நம்ம வீட்டு சோப்புல தாமரை பொறிச்சிருக்கு. அதுக்காக அது குளத்துல முளைச்சுதா?”

“உன்கிட்ட காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

கார் நிற்க வேண்டிய கொட்டகையிலிருந்து கார் வெளியே தள்ளப்பட்டு, அந்த இடத்தில் சின்னப் பாய்மரப் படகு ஒன்று மல்லாந்து கிடந்தது. வீடு மாறிப் போன பக்கத்து வீட்டுக்காரர் இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் விளிம்பில் கணவன் புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். மடியில் வெல்வெட் துணி விரித்த பெட்டி. பெட்டிக்குள் மூன்று ஷேக்கிள்கள்: லாடம் மாதிரி வளைந்த உலோகம், அதன் வாயை அடைக்க ஒரு மரை ஆணி. கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு.

அவன் சோபா விற்பவன். பளபளப்பாக இருந்தால் நல்ல சாமான், தட்டினால் ‘தொம்’ என்றால் நல்ல மரம். அந்த ஞானத்தோடுதான் படகுக்கும் சாமான் வாங்கப் போயிருந்தான். போன கடையும் சரியான கடை. சுவரில் மாட்டும் கப்பல் சக்கரம், பாட்டிலுக்குள் கப்பல், கப்பல் படம் போட்ட தலையணை உறை எல்லாம் அங்கே கிடைக்கும். கப்பலுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது.

“எவ்வளவு எடை தாங்கும்னு இதுல எங்க அடிச்சிருக்கு?” என்றாள் அவள்.

“அதெல்லாம் அடிச்சா அழகு கெட்டுடும்.”

“ஆமா, கம்பம் தலையில விழும்போது அழகா விழணும் இல்ல.”

அவள் நாடக அரங்கில் விளக்குகளைத் தொங்கவிடுகிறவள். எடை பொறிக்காத இரும்பை யார் தலைக்கு மேலும் மாட்டியதில்லை. படகின் கம்பத்தை நிமிர்த்திப் பிடிப்பவை மூன்று கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் அடியையும் படகோடு பூட்டுவது ஒரு ஷேக்கிள். ஒன்று கைவிட்டால் போதும், கம்பம் பாயோடு சாய்ந்துவிடும். நாளை காலை அந்தக் கம்பத்தின் கீழே இவனோடு உட்காரப்போவது அவர்கள் மகள். ஒரு வாரமாக ஏரி, காற்று, பாய் என்றே பேசித் திரிகிறாள். அப்பா சொன்னால் ஏரி மேலேயே நடந்துவிடுவாள், அவ்வளவு நம்பிக்கை.

“பழைய ஷேக்கிள் எங்க? நம்பர் அடிச்சிருந்ததே.”

“அதுவா? காயலான் கடையில போட்டுட்டேன். ஒரே மங்கல். பாக்கவே சகிக்கல.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷனுக்குக் கழுத்தை நீட்டியபோது தன் கண்ணும் மினுமினுப்பில்தான் மயங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

“சரி. வாயால அளக்க வேணாம். தொங்கவிட்டுப் பாத்துடலாம்.”

“பாரு. நானே உக்கார்றேன்” என்று அவன் மார்பைத் தட்டிக்கொண்டான்.

உத்திரத்திலிருந்து இரண்டு கயிறுகளை இறக்கி, முனைக்கு ஒன்றாக இரண்டு ஷேக்கிள்களைப் பூட்டி, அவற்றில் ஒரு பலகையை மாட்டினாள். கீழே பழைய மெத்தையை இழுத்துப் போட்டாள். பிறகு தன் வேலைப் பையிலிருந்து கறுத்துப்போன இரண்டு கொக்கிகளை எடுத்து, பலகையின் இரு பக்கமும் உத்திரத்திலிருந்து இன்னொரு கயிற்றைத் தளர்வாகக் கட்டினாள். மேலே போகும் எந்த விளக்குக்கும் இப்படி ஒரு காவல் கயிறு உண்டு. அவள் கைக்கு அது பழக்கம்.

“இந்த அசிங்கம் எதுக்கு?”

“விளக்குக்கே கட்டுவோம். விளக்குக்கு உங்களைவிட அறிவு ஜாஸ்தி, இருந்தாலும் கட்டுவோம்.”

அவன் ஸ்டூலில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தான். அவள் ஸ்டூலை உருவினாள். ஒன்றும் ஆகவில்லை. அவன் முகத்தில் வெற்றிக்களை வழிந்தது. ஒரு காலை ஆட்டினான், இரண்டு காலையும் ஆட்டினான், சிம்மாசனத்தில் இருப்பவன்போல அவளைப் பார்த்தான்.

“என்னமோ சொன்னியே? இப்ப சொல்லு.”

“ஏரியில காத்து உங்களுக்காகக் கையைக் கட்டிட்டு நிக்காது. குதிங்க.”

குதித்தான். முதல் குதிப்புக்கு உத்திரம் முனகியது. இரண்டாவதுக்கு ‘டப்’ என்று காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். பலகையின் இடது பக்கம் சரிந்தது. காவல் கயிறு வெடுக்கென்று இழுத்துப் பிடித்தது. அவன் வலது கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி, ஒரு செருப்பு கழன்று விழ, காய்த்துத் தொங்கும் பூசணி மாதிரி ஒருக்களித்துத் தொங்கினான். கால் தரைக்கு எட்டவில்லை.

மெத்தையில் கிடந்த பாதி ஷேக்கிளை அவள் எடுத்தாள். வெளியே தங்க முலாம். முறிந்த வாய்க்குள் சாம்பல் நிறம், பல்பொடியைக் குழைத்துக் காயவைத்ததுபோலப் பொரபொரவென்று. நங்கூரம் மட்டும் கீறல் விழாமல் அப்படியே இருந்தது. கேலி செய்ய வாயைத் திறந்தவளுக்கு, ஏரி நடுவில் மகளின் பின்னந்தலை கண்முன் வந்து நின்றது. முறிந்த பாதியை அவன் கண்ணெதிரே நீட்டினாள்.

“ஸ்டூலைப் போடு” என்றான் அவன். குரலில் சிம்மாசனம் இல்லை.

“நாளைக்குப் போறீங்களா?”

“போகல. நம்பர் அடிச்சது வாங்காம போகல. போதுமா? ஸ்டூலைப் போடுடி.”

அவள் ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினாள். அதற்குள் வாசலில் ஓட்டமும் நடையுமாகக் காலடிச் சத்தம். “அப்பா! தொப்பி வாங்கிட்டேன்! உனக்கும் ஒண்ணு!”

அவன் முகம் வெளிறிப்போனது. விழாமல் தப்பியபோதுகூட அப்படி வெளிறவில்லை.

“ஏய்… அவ வர்றா” என்று கிசுகிசுத்தான். “நானேதான் சந்தேகப்பட்டு, நானேதான் ஏறி சோதிச்சு, சரியில்லைன்னு கண்டுபிடிச்சேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”